சிவப்புக் கண்ணாடித் தாள்

மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பழைய டார்ச் லைட் கிடக்கிறது. முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை நாலாக மடித்துச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. ரப்பர் பேண்டு இற்றுப்போய்த் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தாளின் ஒரு ஓரம் மட்டும் நேராக இல்லை, கத்தரிக்கோல் வளைந்து போன தடம் தெரியும். உற்றுப் பார்த்தால் அது பிறையின் முதுகு. ஏதோ ஒரு வருஷத்து நாடுகள் தினத்துக்குத் துருக்கிக் கொடி செய்தபோது வெட்டியது. கொடிக்குப் போக மிஞ்சிய தாள் டார்ச்சுக்கு வந்தது. எங்கள் பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகள் நடத்திய விழாக்களை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால், எனக்கு இந்தத் தாள்தான் முதலில் கையில் தட்டுப்படுகிறது.

2011இல் இங்கே தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பன்னாட்டுப் பள்ளி. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்தேன். அங்கே ஆண்டு விழா, விளையாட்டு விழா, ஆசிரியர் தினம் என்று மூன்றோடு முடிந்துவிடும். இங்கே வந்த முதல் மாதமே நாட்காட்டியைப் பார்த்து மலைத்துப்போனேன். மாதிரி ஐ.நா. சபை, புத்தக வாரம், இசை இரவு, கடற்கரைத் துப்புரவு, பிப்ரவரி 21இல் தாய்மொழி நாள், பங்குனி வெயிலில் நாடுகள் தினம். எல்லாவற்றையும் பிள்ளைகளே நடத்துவார்கள். மேடை போட ஆள் பிடிப்பது முதல் குப்பைத் தொட்டி எங்கே வைப்பது என்பது வரை அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஷாமியானாக்காரரோடு பேரம் பேசுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நாடுகள் தினத்தில் என் பொறுப்பு பெரும்பாலும் ஊக்கு. பட்டுப்பாவாடை நழுவும், வேட்டி அவிழும், கரகம் சாயும். ஊக்கு டப்பாவோடு மேடைக்குப் பின்னால் நிற்பேன். மைதானத்தைச் சுற்றிக் கடைகள். கொரிய அம்மாக்கள் கிம்பாப் சுருட்டி வட்டம் வட்டமாக அரிவார்கள். கத்தி ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும் அதன் மேல் ஒரு சொட்டு எள்ளெண்ணெய் தடவுவதைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறேன். ஹூண்டாய் 1996இல் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்த பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அவை. மூன்று வருஷம், நான்கு வருஷம் இருப்பார்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளையும் போய்விடும். அ, ஆ எழுதிப் பழகி, கடைக்காரரிடம் தமிழில் பாக்கி கேட்கத் துணிந்த நேரத்தில் பெட்டி கட்டுவார்கள். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு அது ஒரு துக்கம்.

இந்த மாதிரிப் பள்ளிகளின் கதையே அப்படித்தான் தொடங்கியது, பெற்றோரின் வேலையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளுக்காக. ஜெனீவாவில் 1924இல் திறந்த பன்னாட்டுப் பள்ளி, உலக நாடுகள் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் குழந்தைகளுக்காக வந்தது. நம் கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஏற்பட்டது. அதுதான் பின்னால் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி ஆகி, 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்னும் ஐ.பி. பாடத்திட்டத்துக்கு மாறியது. ஐ.பி.யை 1968இல் ஜெனீவாவில் வகுத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கடைசி இரண்டு வருஷத்தில் பிள்ளை பாடம் படித்தால் மட்டும் போதாது, ஒன்றைப் படைக்க வேண்டும், உடம்பு வணங்கி ஏதாவது செய்ய வேண்டும், பிறருக்கு உழைக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'காஸ்' என்போம். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை முடிக்காமல் பட்டயமும் கிடையாது.

வந்த புதிதில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மதிப்பெண் இல்லாத ஒன்றை எந்தப் பிள்ளை மனசு வைத்துச் செய்யும் என்று நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு ராத்திரி.

காஸுக்காகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஆமை நடைக்குப் போவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். துணைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்றார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு நான் போனேன். சென்னையில் 1970களிலேயே ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1988இல் மாணவர்களே ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கி, ஜனவரி தொடங்கிக் கோடை வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். வழிநடத்துகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். டார்ச் அடிக்கக் கூடாது, போனைத் திறக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்களோடு வந்த கொரியப் பையன்தான் நாடுகள் தினத்தில் மிஞ்சிய சிவப்புத் தாளை டார்ச்சில் சுற்றி எடுத்து வந்திருந்தான். வெட்டுப்பட்ட பிறை ஓரத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் கசியக் கூடாது என்று அதை மடித்து உள்ளே செருகியிருந்தான். சிவப்பு வெளிச்சம் ஆமையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்று எங்கேயோ படித்தானாம். நடத்தி வந்த கல்லூரிப் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவசரத்துக்கு வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். அவன் முகத்தில் வந்த பெருமையை இருட்டிலும் பார்க்க முடிந்தது.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். முன்னால் போனவள் சட்டென்று நின்றாள். ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி ஒரு தடம். சின்ன டிராக்டர் ஒன்று ஏறிப்போன மாதிரி, துடுப்புகள் மாறி மாறி ஊன்றிய அடையாளம். கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இறங்கிப் போயிருந்தது. ஆமை வந்து போய்விட்டது. இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. அவள் ஒரு குச்சியை மெல்ல மெல்ல மணலில் அழுத்திக்கொண்டே வந்தாள். எல்லா இடத்திலும் தடுத்தது, ஓர் இடத்தில் மட்டும் பொதுக்கென்று இறங்கியது. குச்சியைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால் மணலை அள்ளி அள்ளி எடுத்தாள். முழங்கை மறைந்தது, தோள்வரை போனது. கன்னத்தை மணலில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கெடச்சிருச்சு" என்றாள்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிங்பாங் பந்து அளவு, அதே வெள்ளை. கோழி முட்டை மாதிரி ஓடு கெட்டியாக இல்லை, தோல் மாதிரி. விரல் பட்ட இடம் லேசாகக் குழிந்தது. பையில் வைப்பதற்கு முன் என்னிடம் ஒன்றைத் தந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்த மணலுக்குள்ளிருந்து வந்த அந்தச் சூட்டை இன்றைக்கும் என் உள்ளங்கை மறக்கவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஒருவன் கொரிய மொழியில், ஒருத்தி ஆங்கிலத்தில், நான் தமிழில். மூன்று பேருக்கும் 112 என்றே வந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் அகநானூற்றின் 160ஆம் பாட்டை எடுத்தேன். குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் கொண்ட ஆமை, அடும்பங்கொடி சிதையும்படி மேட்டு மணலில் ஏறி, முட்டையிட்டுப் புதைத்து மறைக்கிறது. முட்டைக்கு அவர் சொல்லும் உவமை தந்தத்தால் செய்த வட்டு, விளையாட்டுக் காய். தோப்புக்கு வெளியே இன்றும் அதே அடும்பு படர்ந்து, ஊதாப் பூப்பூத்துக் கிடக்கிறது. ஒரு கொடியைப் பறித்து வந்து மேசைமேல் வைத்தேன். இலை மாட்டுக் குளம்பு மாதிரிப் பிளந்திருப்பதைப் பிள்ளைகள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அதுவரை தமிழ் என் வகுப்பில் அட்டையில் எழுதி ஒட்டும் சொற்களாக இருந்தது. அன்றைக்கு அது அவர்கள் கால் வைத்து நடந்த மணலாக ஆயிற்று.

மஸ்கட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். தமிழ் வீட்டுப் பிள்ளை, பேசுவாள், படிக்க வராது. பொருளைக் கேட்டுவிட்டு அவள்தான் மடக்கினாள். "மிஸ், முட்டை பொரியும் வரைக்கும் ஆண் ஆமை காவல் காக்குதுன்னு பாட்டுல வருது. அன்னிக்கு அந்த அக்கா, முட்டை போட்டதும் அம்மா ஆமையே போயிடும், யாரும் காக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்னிடம் பதில் இல்லை. குப்பத்தில் ஒரு பெரியவர் உண்டு, பள்ளிக்கு மீன் கொடுக்க வருவார். அவரிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார்.

"ஆம்பள ஆம கரைக்கே வராது கண்ணு. பொறந்த அன்னிக்கு தண்ணில எறங்குறதோட சரி. பொட்டதான் வரும், பங்குனிக்கு வரும். அதான் பங்குனி ஆமன்னு பேரு."

கொரியப் பையன் பங்குனி என்றால் என்ன என்று கேட்டான். பெரியவர் விரல்விட்டு மாதங்களைச் சொன்னார். சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை பன்னிரண்டும். எந்த மாதம் எந்தக் காற்று, எந்த மீன் என்று கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். என் மாதப் பட்டியலை மூன்று வாரம் மனப்பாடம் செய்தும் மறந்தவர்கள், அதை அன்றைக்கு ஒரே மாலையில் கற்றுக்கொண்டார்கள். அப்படியானால் பாட்டில் ஏன் காவல் வருகிறது என்று மஸ்கட் பெண் விடவில்லை. பெரியவர் யோசித்தார். "எழுதுனவங்களுக்கு மனசு கேக்கல போல" என்றார்.

அவர் சொன்னது எத்தனையோ உரையாசிரியர்களின் விளக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2019 பங்குனிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் நியாயமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நாடுகள் தினம். அந்த வருஷம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று இரவு நிகழ்ச்சியாக மாற்றியிருந்தார்கள். மைதானத்தின் நாலு மூலையிலும் பெரிய விளக்குக் கம்பங்கள். அரிசி கொட்டினால் பொறுக்கலாம் என்பார்களே, அப்படி ஒரு வெளிச்சம். ஏற்பாட்டுப் பட்டியலில் விளக்குகளும் இருந்தன, கீழே என் கையெழுத்தும் இருந்தது. ஆமை நடைக்குப் போகிறவள் நான். குஞ்சுகள் பொரிந்து வெளிவந்ததும் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே போகும், கடல்மேல் விழும் வானத்து வெளிச்சத்தைத்தான் அவை தேடும், தெருவிளக்கு இருந்தால் வழி தவறிப்போகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் சுவருக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத ஒரு குழி இருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மேடையில் கும்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட் பெண் பட்டுப்பாவாடையோடு பின்பக்கமாக ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "மிஸ், செவுத்து ஓட்டைல இருந்து வருது." சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட துளை. அதன் வழியாகக் கறுப்பாக, உள்ளங்கையில் பாதி அளவு, ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் மைதானத்தைப் பார்த்து, கடலுக்கு நேர் எதிர்த்திசையில், இருக்கிற பலத்தையெல்லாம் துடுப்பில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தன. முன்னால் வந்தவை ஏற்கெனவே கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டிருந்தன. அங்கே நான் பார்த்ததை எழுத மனம் வரவில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகள் ஓடினார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் தயங்கினார்கள். பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆட்டம் பாதியில் நிற்கிறது, இருட்டில் யாராவது விழுந்தால் என்ன செய்வது என்றார்கள். அணைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். கொரியப் பையன் எங்கிருந்தோ டார்ச்சோடு வந்தான். பாயசம் காய்ச்சின வாளியைக் கழுவி, ஈர மணல் போட்டு, குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். ஹான்போக் உடுத்தின பிள்ளைகள், கவுன் போட்ட பிள்ளைகள், வேட்டியை மடித்துக் கட்டின பிள்ளைகள், எல்லோரும் சரளைக்கல்லில் முழங்காலிட்டுத் தேடினார்கள். ஒரு ஜெர்மன் அப்பா ஒவ்வொரு கார் டயராகக் குனிந்து பார்த்து, குஞ்சு இல்லை என்று தெரிந்த பிறகே வண்டியை எடுக்கவிட்டார்.

அலை வரும் இடத்துக்கு இரண்டடி முன்னால் வாளியைச் சாய்த்தோம். தாங்களாகவே நடந்து போகட்டும் என்று விட வேண்டும், தண்ணீரில் நேராகப் போடக் கூடாது. கொரியப் பையன் கணுக்கால் தண்ணீரில் கடலுக்கு முதுகு காட்டி நின்று, திரும்பிவிடும் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசிக் குஞ்சு போய் வெகுநேரம் ஆன பிறகும் நகரவில்லை. நப்பசலையார் பாட்டில் வரும் காவல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

திங்கட்கிழமை மாணவர் மன்றம் கூடியது. மாதிரி ஐ.நா. சபையில் வருஷா வருஷம் கடலைப் பற்றி நல்ல நல்ல தீர்மானங்கள் நிறைவேறும். பேசிப் பழகின பிள்ளைகள். அந்தப் பழக்கம் அன்றைக்கு உதவியது. யாரையும் குற்றம் சொல்லாமல் மூன்றே விஷயம் கேட்டார்கள். ஜனவரி முதல் மே வரை இருட்டின பிறகு மைதானத்தில் நிகழ்ச்சி வேண்டாம், கடல் பக்கம் பார்க்கும் விளக்குகளைத் திருப்பி மூடி போட வேண்டும், சுவர்த் துளைகளுக்கு வலை அடிக்க வேண்டும். பாதுகாப்புக்கு விளக்கு அவசியம் என்று நிர்வாகம் சொன்னபோது, பிள்ளைகள் ராத்திரிக் காவலாளி அண்ணனைக் கூட்டிக்கொண்டு சுவர் ஓரம் முழுக்க நடந்தார்கள். ஒவ்வொரு விளக்காக அணைத்து, "இப்ப உங்களுக்கு ஆள் வந்தா தெரியுதாண்ணா?" என்று கேட்டார்கள். மூன்று விளக்கு இருந்தால் போதும் என்று அவர் சொன்னார். அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கோரிக்கையை ஆங்கிலத்தில் அலுவலகத்துக்கும், தமிழில் குப்பத்துக்கும் எழுதினார்கள். தமிழ் நகலை மஸ்கட் பெண் தன் கையால் எழுதினாள். ஒற்று எங்கே வரும் என்று பத்துத் தடவை கேட்டாள்.

மூன்றும் நடந்தன. அடுத்த பங்குனியில் கொரோனா வந்து பள்ளியையே மூடிவிட்டார்கள். ஒரு நாள் விடியற்காலை காவலாளி அண்ணன் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், செவுரு ஓரத்துல தடம் ஏறி எறங்கியிருக்கு. முட்டை அங்கனதான் இருக்கும்." வனத்துறைக்கு அவரே சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாய் அண்டாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். 2022 முதல் எங்கள் நாடுகள் தினம் காலையில் தொடங்கி நாலு மணிக்குள் முடிகிறது. வெயில் கொளுத்துகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிற பெற்றோரிடம், ஏன் இப்படி என்று இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையே விளக்கம் சொல்கிறது. அந்த ராத்திரி பிறந்திராத குழந்தைக்கும் ஒரு நாள் அந்தக் காரணம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய உயிர், இழுவை வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். அந்த வாரம் எங்கள் பிள்ளைகள் ஒரு கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையை நிறுத்திவிட்டுக் கரைக்குப் போய், எங்கள் சுவரிலிருந்து குப்பம் வரை கிடந்தவற்றை எண்ணி, இடம் குறித்து எழுதிக்கொடுத்தார்கள். பெரியவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. கைபிடித்து மேடைக்குக் கூட்டி வந்தோம். மைக் வேண்டாம் என்றார். எந்த மாதம் வலை எவ்வளவு தூரத்தில் விடலாம், விசைப்படகு கரையை ஒட்டி ஓடினால் தங்கள் பைபர் போட்டுக்கு மீனும் இல்லை, ஆமைக்கு உயிரும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்ல எழுந்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு ஜப்பானியச் சிறுமி, "வேணாம் மிஸ், புரியுது" என்றாள். எல்லாம் புரிந்திருக்காது. ஆனால் அவர் குரலையே கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கொரியப் பையன் இப்போது உல்சானில் வேலை பார்க்கிறான். டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். வருஷா வருஷம் மாசி முடியும்போது அவனிடமிருந்து ஒரு செய்தி வரும், தமிழ் எழுத்தில். "மிஸ், பங்குணி ஆமை வந்துடுச்சா?" றன்னகரம் வரவேண்டிய இடத்தில் டண்ணகரம் போட்டுத்தான் எழுதுவான். வகுப்பில் இருந்தபோது இரண்டு வருஷம் திருத்தியிருக்கிறேன்.

இந்த வருஷத்துச் செய்தி நேற்று வந்தது. ரப்பர் பேண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒன்றைப் போட்டேன். பேட்டரியும் மாற்றியாயிற்று. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை நீலாங்கரைக்குக் கூட்டிப் போகிறேன், பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். பதிலை நாளைக்குக் காலையில் எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.